அம்மாவைத் தனியே பேச விடுகிறார்களா?

வயதான பெண்மணி ஒருவரை அவரது மகன் டாக்டரிடம் அழைத்து வருகிறார். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று டாக்டர் கேட்பது அம்மாவை. பதில் சொல்வது மகன். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, கையில் அது என்ன காயம் - எல்லாக் கேள்விகளுக்கும் மகனிடமிருந்தே பதில். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பெங்களூருவில் அல்சூரிலோ மல்லேஸ்வரத்திலோ எந்த கிளினிக்கிலும் காணக்கூடிய காட்சி இது. பெரும்பாலான குடும்பங்களில் இதற்குக் காரணம் அக்கறைதான். அம்மாவுக்குக் காது மந்தம். டாக்டர் பேசும் கன்னடமும் ஆங்கிலமும் புரியாது. மகன் மொழிபெயர்க்கிறார். ஆனால் சில குடும்பங்களில் காரணம் வேறு. அம்மா தனியாக வாய் திறந்துவிடக் கூடாது என்ற பயம்.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மகனைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசிப் பார்க்க வேண்டும். மொழி ஒரு தடையென்றால் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அக்கறையுள்ள மகன் அநேகமாக எழுந்து போய்விடுவார். எழுந்து போக மறுப்பவர் விஷயத்தில்தான் டாக்டர் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

முதியோர் கொடுமை என்றதும் அடி, உதை, நடுத்தெருவில் நிற்கும் தாய் என்று சினிமாக் காட்சிகள்தான் நினைவுக்கு வரும். நிஜத்தில் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிறது. மூக்குக்கண்ணாடி உடைந்து மூன்று மாதமாகிறது, புதிது வரவில்லை. ரிப்பேருக்குப் போன செல்போன் திரும்பவில்லை. ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டால் எப்போதும் "அக்கா தூங்குறாங்க" என்று பதில். பாங்க் பாஸ்புக் எங்கே என்று பெரியவருக்கே தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். சேர்த்துப் பார்த்தால், ஒரு மனிதரை வெளி உலகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டிக்கும் வேலை.

ஆறில் ஒருவர்

இந்த விஷயம் மருத்துவ ஏடுகளின் கவனத்துக்கு வந்ததே 1975-ல்தான். பச்சைக் குழந்தைகள் அடிபடுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, வயதானவர்களும் சில சமயம் வேண்டுமென்றே அடிக்கப்படுவதை எப்போது உணரப் போகிறோம் என்று அந்த ஆண்டு ஜி.ஆர். பர்ஸ்டன் என்ற டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அதற்கு முன் அடி வாங்கிய பாட்டிகள் இல்லாமல் இல்லை. டாக்டர்கள் கேட்கவில்லை, பாட்டிகள் சொல்லவில்லை.

28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் முந்தைய ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமையை அனுபவித்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் கணக்கும் இதுவே. இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலிடம் மனரீதியான கொடுமைக்கு: 11.6 சதவிகிதம். அடுத்தது பணச் சுரண்டல் 6.8, கவனிப்பாரின்றி விடுவது 4.2. அடி உதை 2.6 சதவிகிதம்தான். காயத்தை மட்டும் தேடுகிறவர்களின் கண்ணில் பெரும்பாலான கொடுமைகள் படவே படாது என்பது இதிலிருந்து புரியும்.

இந்தியாவில் 2017-18-ல் மத்திய அரசு நடத்திய முதியோர் பற்றிய பெரிய ஆய்வில், தங்களை மோசமாக நடத்துவதாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவிகிதம். உலகக் கணக்கோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் இது வாய்விட்டுச் சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டுமே. சொந்தப் பிள்ளையைப் பற்றி, அதுவும் அவன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் எந்தத் தாய் புகார் சொல்வார்?

மொழி தெரியாத ஊரில்

ஒரு காலத்தில் பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய ஊர் பெங்களூரு. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் அன்று சில ஆயிரங்களுக்கு வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். கணினித் தொழில் வந்த பிறகு அந்த மனைகளின் விலை கோடிகளைத் தொட்டது. அதே கணினித் தொழில் பல வீடுகளின் பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் அனுப்பிவைத்தது. கோடி ரூபாய் வீட்டில் பெரியவர் தனியாக இருக்கிறார், அல்லது அந்தக் கோடியைக் கண்ணில் வைத்திருக்கும் ஒருவரோடு இருக்கிறார்.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. கணவர் இறந்த பிறகு தஞ்சாவூர் அல்லது திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு, மகனோடு ஒயிட்பீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்ட அம்மாக்கள். கன்னடம் தெரியாது, ஹிந்தி தெரியாது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. ஊரில் என்றால் பால்காரர், கோயில் குருக்கள், எதிர்வீட்டு மாமி என்று நாளைக்கு நாலு பேர் பார்த்திருப்பார்கள். முகம் வாடியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். பதினோராவது மாடியில் கேட்க ஆளில்லை. அன்பான மகன் வீட்டிலேயே இந்தத் தனிமை கொடுமையானது. அன்பில்லாத வீட்டில் இதுவே ஆபத்து.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பெங்களூரு நகரப் போலீஸும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2002-ல் முதியோர் உதவி எண்ணைத் தொடங்கின: 1090. எடுத்த எடுப்பில் யாரையும் கைது செய்வது இதன் வேலையல்ல. புகாரைக் கேட்டு, குடும்பத்தாரையும் கூப்பிட்டுப் பேசி, சமரசம் செய்துவைப்பதுதான் முதல் முயற்சி. அது பலிக்காத இடத்தில் போலீஸின் பலம் பின்னால் நிற்கிறது. புகார் சொன்னால் பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று நடுங்கும் பெற்றோருக்கு இந்த வரிசை முக்கியம்.

உடம்பு சொல்லும் சேதி

வயதானவர்களின் தோல் மெலிந்துபோகிறது. லேசாக இடித்துக்கொண்டாலே முன்கையில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகக் கட்டும். எனவே முன்கையில் ஒரு கன்றலைப் பார்த்த மாத்திரத்தில் மருமகளைச் சந்தேகிப்பது அநியாயம்.

எந்தக் காயம் இயல்பு, எது சந்தேகத்துக்கு இடமானது என்பதை அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லாரா மஸ்கேடா என்ற டாக்டரின் குழுவினர் ஆராய்ந்தார்கள். 2005-ல் வெளியான ஆய்வில் 65 வயதைக் கடந்த 101 பேரை நாள்தோறும் பார்த்தார்கள். தற்செயலாக ஏற்பட்ட கன்றல்களில் ஏறத்தாழ 90 சதவிகிதம் கை கால்களிலேயே இருந்தன. கழுத்திலும் காதிலும் பிட்டத்திலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. காயத்தின் நிறத்தைப் பார்த்து அது எத்தனை நாள் பழையது என்று சொல்ல முடியாது என்பதும் அப்போது தெரியவந்தது. மஞ்சள் நிறம் முதல் நாளிலேயேகூட வந்துவிடுகிறது.

2009-ல் அதே குழு, உண்மையிலேயே அடிபட்ட முதியவர்களைப் பார்த்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத பெரிய கன்றல் இருந்தது. முகத்திலும் முதுகிலும் வலது கையின் வெளிப்பக்கத்திலும் காயங்கள் கூடுதலாக இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் ஒன்று. தற்செயலாகக் காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்படி வந்தது என்றே நினைவில்லை. அடிபட்டவர்களில் 90 சதவிகிதம் பேருக்கு அது எப்படி வந்தது என்று சொல்ல முடிந்தது. ஞாபக மறதி உள்ளவர்கள் பலரும் இதில் அடக்கம். "அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது டாக்டர்" என்று கூட வந்தவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பெரியவரிடமே கேட்கலாம்.

கவனிப்பு இல்லாத உடம்பின் அடையாளங்கள் வேறு. காரணமில்லாமல் எடை குறைவது, வறண்ட நாக்கு, வளர்ந்து வளைந்த நகம், மூத்திர வாடை, படுக்கைப் புண். டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் தீராமல் இருப்பது ஒரு அறிகுறி. தூக்க மாத்திரை சீக்கிரமாகத் தீர்ந்துபோவது அதைவிட மோசமான அறிகுறி. ராத்திரி எழுந்து நடமாடும் பெரியவரை அமைதிப்படுத்த அதிகப்படி மாத்திரை கொடுப்பதும், கட்டிலோடு கட்டிப்போடுவதும் உண்டு. இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் மருந்துக் கடைக்காரர்தான்.

காயங்களுக்குச் சொல்லப்படும் கதைகளையும் கவனிக்க வேண்டும். நடக்கவே முடியாதவர் "படியில் விழுந்துட்டார்" என்பது, ஒரே காயத்துக்கு மகன் ஒரு காரணமும் மருமகள் வேறொரு காரணமும் சொல்வது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, அடிபட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வருவது - இவை எல்லாமே கேள்வி கேட்க வேண்டிய இடங்கள்.

பணம் போகும் பாதை

பணச் சுரண்டலின் தடயங்கள் பாங்கில் கிடைக்கும். மாதம் 8,000 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தவரின் கணக்கிலிருந்து திடீரென்று ஏ.டி.எம். வழியாக மொத்தப் பென்ஷனும் முதல் தேதியே காலியாகிறது. முதிர்வு தேதிக்கு முன்பே டெபாசிட் உடைக்கப்படுகிறது. வாரிசு நியமனம் மாற்றப்படுகிறது. கணக்கோடு இணைத்த செல்போன் எண் மாறுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் இன்றைய தேதியில் மிக முக்கியமானது. எண் மாறிவிட்டால் பணம் போகும் தகவல்கூட பெரியவருக்கு வராது.

முன்பெல்லாம் நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க நேரில் பாங்குக்கு வர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது கவுன்டர் ஊழியர் அவர் முகத்தைப் பார்ப்பார். 2014-ல் ஜீவன் பிரமாண் திட்டம் வந்தது. 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய வரம்தான். அதே சமயம், வெளி ஆள் ஒருவர் அவரைப் பார்க்கும் வாய்ப்பு ஒன்று குறைந்துவிட்டது.

எழுந்திருக்க முடியாதவரிடம் கைநாட்டு வாங்கிப் பணம் எடுப்பதானால் இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பாங்க் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதிகாரி வீட்டுக்கு வரும் அந்தப் பத்து நிமிடத்தில் "இந்தப் பணம் எதுக்குன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டால் போதும். முகம் பதில் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து வீடு. உயிலுக்கும் தானப் பத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுகிறவர்கள் ஏராளம். உயில் இறந்த பிறகுதான் செல்லும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். தானப் பத்திரம் பதிவானால் வீடு கைமாறிவிட்டது. நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. "வரி கட்டுறதுக்காக ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா" என்று அவசரப்படுத்தினால், படித்துக் காட்டச் சொல்லும் உரிமை பெரியவருக்கு உண்டு.

ஆறு கேள்விகள்

கனடாவில் மான்ட்ரியால் நகரத்தைச் சேர்ந்த மார்க் யாஃபே என்ற டாக்டரும் அவர் சகாக்களும் 2008-ல் குடும்ப டாக்டர்களுக்காக ஒரு சிறு கேள்வித்தாள் தயாரித்தார்கள். ஐந்து கேள்விகள் பெரியவரிடம். ஆறாவது டாக்டர் தன்னையே கேட்டுக்கொள்வது. இரண்டே நிமிட வேலை. அவற்றின் சாரம் இதுதான்:

1. குளிக்க, உடுத்த, சாப்பிட, கடைக்குப் போக, பாங்குக்குப் போக நீங்கள் மற்றவர்களை நம்பி இருக்கிறீர்களா?

2. சாப்பாடு, துணி, மருந்து, கண்ணாடி, வைத்தியம் கிடைக்காமலோ, நீங்கள் விரும்பியவர்களோடு பழக முடியாமலோ யாராவது தடுத்தார்களா?

3. அவமானப்படும்படியோ மிரட்டும்படியோ யாராவது பேசி உங்கள் மனம் நொந்ததா?

4. இஷ்டமில்லாமல் கையெழுத்து வாங்கவோ உங்கள் பணத்தைச் செலவழிக்கவோ யாராவது முயன்றார்களா?

5. யாரையாவது கண்டு பயப்படுகிறீர்களா? விரும்பாத விதத்தில் யாராவது தொட்டார்களா, அடித்தார்களா?

6. டாக்டர் கவனிக்க வேண்டியது: கண்ணைப் பார்த்துப் பேசாமை, ஒதுங்கிப்போவது, போஷாக்கின்மை, அழுக்கு, காயம், பருவத்துக்குப் பொருந்தாத உடை, மருந்து ஒழுங்காகச் சாப்பிடாதது.

முதல் கேள்வி, பெரியவர் எவ்வளவு பிறரை நம்பி இருக்கிறார் என்பதற்கு. மற்றவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மேலும் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர்தான் கேட்க வேண்டும் என்பதுமில்லை. விடுமுறைக்கு வந்த மகள் கேட்கலாம். அக்காள் மகன் கேட்கலாம். கேட்கும்போது பெரியவர் தனியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மறுபக்கம்

குற்றம்சாட்டப்படுகிறவர்கள் எல்லோரும் அரக்கர்கள் இல்லை. மறதி நோய் வந்த மாமியாரை நான்கு வருடமாகத் தூக்கிக் குளிப்பாட்டி, ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொள்ளும் மருமகள் ஒருநாள் கை ஓங்கிவிடுகிறார். அன்று இரவெல்லாம் அழுகிறார். அவருக்குத் தேவை போலீஸ் அல்ல. வாரத்துக்கு இரண்டு நாள் மாற்று ஆள். வெளியூரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் போனில் யோசனை சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆளுக்கு ஒரு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டால் பல வீடுகளில் கை ஓங்கும் நிலையே வராது.

மறதி நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று, "என் வளையலைத் திருடிட்டாங்க" என்ற புகார். வைத்த இடம் மறந்துபோய், கூட இருப்பவரைச் சந்தேகிப்பார்கள். ஆனால் மறதி நோய் உள்ளவரின் வளையலை யாரும் நிஜமாகவே திருட மாட்டார்கள் என்பதுமில்லை. புகாரை நம்பவும் அவசரம் கூடாது, தள்ளவும் அவசரம் கூடாது.

முதியோர் சட்டத்தையே ஆயுதமாக்கியதும் நடந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்த ஒரு வழக்கு பெங்களூருவிலிருந்து போனதுதான். கணவன் மனைவிக்குள் தகராறு. கணவர் வாங்கிய மனை அவர் தகப்பனார் பெயருக்கு மாறி, அங்கிருந்து தாயார் பெயருக்குப் போனது. பிறகு மாமனாரும் மாமியாரும் முதியோர் சட்டத்தின் கீழ் மருமகளை வெளியேற்றக் கோரினார்கள். கீழே எல்லா இடத்திலும் அவர்களுக்கே வெற்றி. குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு பெண்ணுக்குத் தரும் குடியிருக்கும் உரிமையை இந்தச் சட்டத்தைக் காட்டிப் பறிக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது.

சட்டம் தரும் கைத்தடி

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் மட்டுமல்ல, வயதுவந்த பேரன் பேத்திகளும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாகப் போகும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். கர்நாடகத்தில் உதவி ஆணையர் தலைமையிலான தீர்ப்பாயத்திடமும் தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நடமாட முடியாதவருக்காக அவர் அனுமதி பெற்ற இன்னொருவரோ தொண்டு நிறுவனமோ மனு போடலாம். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். மாதப் பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்த உச்ச வரம்பு 10,000 ரூபாய். இன்றைய பெங்களூருவில் வீட்டோடு இருந்து கவனிக்கும் ஆள் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவே இது போதாது. வரம்பை எடுத்துவிட 2019-ல் கொண்டுவந்த மசோதா அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடியும்வரை நிறைவேறவில்லை.

பெற்றோரை அநாதரவாக விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவருகிறது என்பதற்கு பெலகாவி சாட்சி. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மட்டும் 150-க்கு மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை என்ற தகவல் 2025-ல் வெளியானது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்ய நடவடிக்கை எடுங்கள் என்று கர்நாடக அமைச்சர் சரண் பிரகாஷ் பாட்டீல் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்.

அமைச்சர் சொன்னது இந்தச் சட்டத்தின் 23-வது பிரிவை. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 2-ம் தேதி வந்த இன்னொரு தீர்ப்பில், மகனுக்குத் தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்ததை அதே நீதிமன்றம் உறுதிசெய்து, முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் கவனித்துக்கொள்வதாக மகன் எழுதிக்கொடுத்த காகிதம் தாயிடம் இருந்தது. பாடம் எளிது. பிள்ளைக்கு எழுதித்தான் வைக்க வேண்டுமென்றால் உயிலாக எழுதுங்கள். தானமாகத்தான் தர வேண்டுமென்றால், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேருங்கள். பாசம் உள்ள பிள்ளை அந்த வரியைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சந்தேகம் வந்தால்

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நேராக மகனிடம் போய்ச் சண்டை போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. கதவு சாத்தியதும் அதன் விலையைக் கொடுப்பவர் பெரியம்மா. முதலில் அவரிடம் தனியாகப் பேச வேண்டும். ஒரு கிண்ணம் பாயசம், கோயில் பிரசாதம் என்று ஏதாவது ஒரு சாக்கு போதும். "உங்களை அடிக்கிறாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "பெரியம்மா, ராத்திரி சாப்பிட்டீங்களா? உங்க தம்பி போன் பண்ணினாரா? மருந்தெல்லாம் இருக்கா?" என்று ஆரம்பிக்கலாம். பார்த்ததைத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். பிறகு தீர்ப்பாயத்திலோ போலீஸிலோ அது உதவும்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் 112. மற்ற நேரங்களில் பெங்களூருவில் 1090. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் முதியோர் உதவி எண் 14567. வெளியூரில் இருக்கும் உறவினர்களும் கூப்பிடலாம். வாரம் ஒரு முறை அம்மாவை வீடியோவில் பார்த்து, கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது அவர்களால் முடிந்த முதல் சோதனை. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு காரணத்தால் அது நடக்காமல் போனால் ரயில் ஏற வேண்டியதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரியவர் "ஒண்ணும் வேண்டாம், விட்டுடுங்க" என்று சொல்லலாம். அநேகமாக அப்படித்தான் சொல்வார். அவருக்கு அது பைத்தியக்காரத்தனம் இல்லை, கணக்கு. புகார் கொடுத்தால் அடி நிற்கலாம். பேரனின் முகமும் அத்தோடு போய்விடலாம். சுயநினைவோடு இருக்கும் ஒருவர் எடுக்கும் முடிவை மதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மதிப்பது என்றால் விட்டுவிடுவது இல்லை. உதவி எண்ணைச் சிறு காகிதத்தில் எழுதி அவர் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லலாம். அடுத்த வாரம் மறுபடி கதவைத் தட்டலாம். யாரோ ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்பது தெரிந்த வீட்டில் கை ஓங்குவதற்குச் சற்று யோசிப்பார்கள்.